சாலை வகை: ஒன்றைத் தேர்ந்தெடு

கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே
வெயிலுக்கு எல்லை கிடையாது.
எனக்கு உண்டு.
பஞ்சாயத்துக் கணக்கெடுப்பில் ஒரு வழிக்குப் பதினெட்டு ரூபாய்:
நீளம், அகலம், மண்ணா தாரா, வகை.

வகைக்கு நேராக ஓர் அம்புக்குறி.
தொட்டால் உருண்டு வருகின்றன பதினோரு இங்கிலீஷ் சொற்கள்.
ஹைவே, ரோடு, ஸ்ட்ரீட் வரைக்கும் பழக்கம்.
அதற்குக் கீழே
செயலியை எந்த ஊரில் செய்தார்களோ
அந்த ஊர்.

அவென்யூ என்றால் ரெண்டு பக்கமும் மரம் என்றார்
போனில் ஓவர்சியர் பிரசோபன்.
சரி, கள்ளு வண்டி விடியலில் போகும் தடம்.
ரெண்டு பக்கமும் தென்னை,
தூருக்குத் தூர் எக்ஸைஸ் நம்பர்.
அவென்யூ.
பாளை சீவிக்கொண்டிருந்த கிட்டுமணி மேலிருந்து கேட்டார்,
"என்ன எழுதறே?"
"உங்க தோப்புக்கு இங்கிலீஷ் பேரு."
"வரி ஏறுமா?"

கிரெசென்ட் பிரசோபனுக்கும் தெரியவில்லை.
பிறை என்றது அகராதி.
பிறையாக வளைகிற வழி இங்கே ஒன்றுதான்,
மூன்று சென்ட் தரமாட்டேன் என்று ஆறுச்சாமி நின்றதால்
அவர் மோட்டார் ரூமைச் சுற்றிக்கொண்டு போவது.
பாலக்காட்டுக் கோர்ட்டில் பத்தொன்பது வருடமாக
அது வளர்பிறை.

லேன், ஆலி.
ரெண்டும் எனக்குச் சந்து,
பிரசோபனுக்கு இடவழி.
சுவரில் முழங்கை உரசினால் ஆலி,
உரசாவிட்டால் லேன் என்று
நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன்.

ஸ்ட்ரீட்டில்தான் விரல் நின்றது.
மாரியம்மன் கோயில் முன்னால் இருப்பது தெரு.
வாய்க்காலுக்கு அப்பால்
அதே அகலம், அதே சிமென்ட்,
டேப் பிடித்தேன், ரெண்டும் மூன்று மீட்டர் இருபது.
அதை மட்டும் காலனி என்கிறார்கள்.
பட்டியலில் காலனி இல்லை.
ரெண்டுக்கும் ஸ்ட்ரீட் போட்டேன்.
தண்ணீர்க் குடத்தோடு திரையை எட்டிப் பார்த்த வேல்விழி
"நெசமாவா?
சேவ் பண்ணு, சீக்கிரம்" என்றாள்.

கடைசியில் இட்டேரி.
ரெண்டு பக்கமும் கிளுவை வேலி,
நடுவே ஒரு மாட்டு வண்டி அகலம்.
கேரளத்துத் தார் ஒரு வேப்பமரத்தடியில் முடிகிறது.
எதிரே தமிழ்நாட்டுத் தாரும் வந்து முடிகிறது.
நடுவில் பதினாறு அடிக்கு
ஒரு சர்க்காரும் இல்லை.

தொற்றுக் காலத்தில் இங்கே ஜேசிபி மண் கொட்டிப் போனது.
மைமூனத்தின் வீடு இந்தப் பக்கம்,
மகளைக் கட்டிக் கொடுத்தது அந்தப் பக்கம்.
பிள்ளை பெற்ற நாற்பது நாளும்
மண்மேட்டுக்கு மேலே
பத்தியக் குழம்பு தூக்குப்போசியில் கை மாறியது.

"இதுக்கு என்ன போடறே?" என்றார் மைமூனத்து.
க்ளோஸ் என்று ஒன்று இருந்தது.
அகராதிக்கு அது முட்டுச்சந்து.
ஒரே எழுத்துதான் அக்கா,
கடைசியில் காற்றை விட்டால் பக்கத்தில்,
பல்லை அதிரவிட்டால் மூடு.
ரெண்டு மாதிரியும் சொல்லிக் காட்டினேன்.
அவரும் ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.
"ரெண்டுமே சரிதான்.
ஆனா அதைப் போடாதே.
மறுபடி மண்ணைக் கொட்டீருவாங்க."

மற்றவை என்பதைத் தொட்டு
இங்கிலீஷ் எழுத்து ஆறில் இட்டேரி என்று அடித்தேன்.
அடியில் சிவப்பு நெளிகோடு ஓடியது.
லாட்டரி என்று சொல்ல வந்தீர்களா என்றது செயலி.
கேரள லாட்டரி வாங்க
ஞாயிறானால் அந்தப் பக்கத்து ஆட்கள்
இந்த வழியாகத்தான் வருகிறார்கள்.
அதற்கு யார் சொன்னார்கள்?
இல்லை என்று அமுக்கினேன்.

பிறகு நீளம் கேட்டது.
நடுவில் கிடக்கும் பதினாறில்
எட்டு அடியை என் பக்கத்தில் சேர்த்தேன்.
மீதி எட்டை
அந்தப் பக்கம் டேப்போடு வருகிறவர்,
வந்தால்.