நகர்த்தக் கூடாத செடி

உன் பெட்டிகள் போய்விட்டன, ராய்வோ.
கிதார் போயிற்று. ஒரு கால் உடைந்த பனிச்சறுக்கு வண்டியும்.
கார்டீனியாத் தொட்டி மட்டும்
கிழக்கு ஜன்னலில்.

பதினொரு மொட்டு.
இப்போது இடம் மாற்றினால் எல்லாம் உதிர்ந்துவிடும் என்றாய்,
"பூத்த பிறகு வந்து எடுத்துக்கொள்கிறேன்."
கல்யாணத்தைக் கலைக்க நமக்கு ஒரு மாலை போதுமாயிருந்தது.
செடியை நாலு தெரு தள்ளிக் கொண்டுபோக
மார்ச் வரை பொறுக்க வேண்டுமாம்.

தார்த்து நகரத்துக் குழாய்த் தண்ணீரில் சுண்ணாம்பு.
ஒரே மாதத்தில்
நரம்பு மட்டும் பச்சையாய் நிற்க, இலை மஞ்சளித்தது.
ரொட்டி ஆலையில் இரவு வேலை முடிந்து வந்து
வாளியோடு முற்றத்துக்குப் போகிறேன்.
நாய்கள் நடக்காத மூலையில்
மேல்பனியை மட்டும் வழிக்கிறேன்.
வாளி நிறையப் பனி, உருகினால் நாலு டம்ளர்.
மூன்றாம் மாடி லெம்பி கேட்டாள்,
"குடிக்கவா?"
"விருந்தாளிக்கு" என்றேன்.

இலையடியில் மாவுப்பூச்சி.
காது குடையும் பஞ்சில் தொட்டுத் துடைத்தேன்,
நீ விட்டுப்போன வோட்காவை.
அதற்காவது ஆயிற்று.

இரவில் இதற்குக் குளிர் வேண்டும்.
ஹீட்டரைத் திருகி அணைத்துவிட்டுக்
கம்பளிக் காலுறையோடு படுக்கிறேன்.
"கொஞ்சம் குறைக்கலாமே" என்று
ஒன்பது குளிர்காலம் நீ கேட்டாய்.
ஒரு நாளும் குறைத்ததில்லை நான்.

ஜனவரியில் நாலு மொட்டு உதிர்ந்தன,
திருகித் திருகி மூடியபடியே, பச்சையாய்.
போனில் நீ விசாரித்தபோது
பதினொன்றும் பத்திரம் என்றேன்.

நேற்று விடியுமுன் கதவைத் திறந்தேன்.
கோட்டிலிருந்த ரை ரொட்டி வாசனையைத் தள்ளிக்கொண்டு
வேறொன்று வாசல்வரை வந்து நின்றது.
பனி ஒட்டிய காலணியோடு உள்ளே நடந்தேன்.
ஒரே பூ.
ஜன்னலுக்கு வெளியே இருக்கும் வெள்ளை அல்ல,
பாலேட்டின் வெள்ளை.

தொட்டால் கறுக்கும் என்று தெரியும்.
தொட்டேன்.
மாலைக்குள் அந்த இதழில்
தேநீர் நிறத்தில் என் விரல்.

"பூத்துவிட்டது" என்று எழுதி, அழித்தேன்.
"இன்னும் மொட்டுதான்."
அதையும் அழித்தேன்.
கூரையிலிருந்து சொட்டிக்கொண்டே இருந்தது.
கடைசியில் அனுப்பியது இதுதான்:
முற்றத்தில் பனி தீரப்போகிறது.
இனி தண்ணீருக்கு என்ன செய்ய?