வருவோம்

பத்தாம் இலக்க டிராம்
என்னை ஃப்ளூவில் இறக்கிவிட்டுப் போகிறது.
அடுத்த தரிப்பிடம் பிரான்ஸ்.
ஜன்னலோரம் ஒருத்தி தூங்கியபடியே எல்லை கடக்கிறாள்.
கடவுச்சீட்டு கேட்பாரில்லை.

நாங்கள் கடந்தது வெங்காய மூட்டைகளுக்கு அடியில்.
தொண்ணூறாம் ஆண்டு மார்கழி.
நானும் கிளமென்ற்றும் வாமதேவனும்.
லொறி நின்றது. வெளியே நாய்.
தும்ம வந்த வாமதேவனின் மூக்கைக்
கிளமென்ற் உள்ளங்கையால் பொத்தியிருந்தான்.
அப்போது சொன்னதுதான்:
மாதாவே, உயிரோடை சேர்த்துவிடு,
மூண்டு பேரும் உன்னட்டை வருவோம்,
ஒரு திரி கொளுத்துவோம்.

நாய் போன பிறகு
வாமதேவன் மெல்லக் கேட்டான், எந்த மாதா?
கிட்ட இருக்கிறவ, என்றான் கிளமென்ற்.

கிட்ட இருந்தவள் இவள்.
மரியஸ்டைன், பாறைக்குள் இறங்கும் படிகள்.
சுவர் முழுக்க நன்றிப் பலகைகள்,
ஜெர்மனில், பிரெஞ்சில், இத்தாலியனில்,
தமிழில் ஒன்று, புள்ளி உதிர்ந்தபடி.

ஆண்டுக்கொரு திரியாக
இருபத்தொன்பது கொளுத்திவிட்டேன், தனியே.
ஒன்றும் கணக்கில் ஏறவில்லை.
முதலில் வீசா இல்லை. பிறகு லீவு இல்லை.
பிறகு கிளமென்ற் பிடித்த சீட்டில்
என் பதினாலாயிரம் பிராங் போனது,
அதோடு பேச்சும்.
பீல் ஆஸ்பத்திரியில், குழாய்களுக்கு நடுவே,
அந்தத் திரி என்னடாப்பா ஆச்சு
என்றான் வாமதேவன்.
வாற மாசம், என்றேன்.
அந்த மாதம் அவனுக்கு வரவில்லை.

பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன்.
நல்ல மனிதர் சுவாமி.
பொருத்தனையை மாற்றித்தர எனக்கு அதிகாரமுண்டு,
மூன்று செபமாலை, ஏழைக்கு ஏதாவது கொடுங்கள், என்றார்.
அவர் மொழியில் ‘நாங்கள்’
வினைக்கு முன்னால் தனியே நிற்கிறது,
வேண்டாமென்றால் தூக்கிவிடலாம்.
என் மொழியில் அது சொல்லின் வாலில்.
வெட்டினால் சொல்லே நில்லாது.
வேண்டாம் சுவாமி, என்றேன்.

வாமதேவன் மனைவி மங்களேஸ்வரி
நெற்றியில் திருநீற்றோடு
முழுவதையும் கேட்டாள்.
அவற்றை கைக்கு என்ரை கை காணுமோ?
காணும், என்றேன்.
யாரைக் கேட்டுச் சொன்னேனோ தெரியாது.
கிளமென்ற்றின் நம்பரையும் அவளே தந்தாள்.

பதினொரு வருடம்
வாய்க்குள் அடுக்கி வைத்திருந்தேன்,
அவனைக் கேட்க வேண்டிய கேள்விகளை.
அவன் ஹலோ என்றதும் வந்தது
ஒன்றே ஒன்று:
வெங்காய லொறி.

அந்தப் பக்கம்
கோப்பை கழுவும் மெஷினின் இரைச்சல்.
யாரோ அவனை ஜெர்மனில் கூப்பிட்டார்கள்.
அவன் போகவில்லை.

ஞாயிறு எனக்கு வேலை, என்றான்.
சனிக்கிழமை?
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
திரி ஆர் வாங்கிறது?

நீதான், என்றேன்.

ஓம், என்றான்.