மீதம் ஏழு

எங்கள் ஊர்ப் பெயருக்குப் படகு என்று பொருள்.
வூச். போலந்தின் நடுவில்.
சொல்லிக்கொள்ள ஓர் ஆறு கிடையாது.
இருந்த ஓடைகளையும்
ஆலைகளின் காலத்தில்
குழாய்க்குள் அனுப்பிவிட்டார்கள்.
ஆகவே நான் படகைத்
தண்டவாளத்தில் விட்டேன்.

கறுப்புப் பருத்தியில் வெள்ளை மை.
மூக்கில் ஒற்றை விளக்கு,
பாய்மரம் நிற்கவேண்டிய இடத்தில்
மின்கம்பியைத் தொடும் இரும்புக் கை.
குளியல் தொட்டியில் அச்சுச்சட்டம் கழுவி
ரொட்டி சுடும் அடுப்பில் மை காயவைத்து
முப்பத்தாறு டி-ஷர்ட்.
ஒன்றின்மேல் லுத்விகாவின் பூனை
ஈர மையோடு நடந்துபோனது.
அது எனக்கு.

அச்சடிப்பது சுலபம்.
வாங்குங்கள் என்று சொல்லத்தான்
வாய் கூசுகிறது.
எழுதிப் பார்த்தேன்.
‘தனித்துவமான வடிவமைப்பு’:
மிக்ஸி விற்கிறவன் குரல்.
‘குறைந்த பிரதிகளே’:
கையில் காசு தீர்ந்த இடத்தில்
எண்ணிக்கை நின்றது, அவ்வளவுதான்.
‘உங்களுக்காகவே’:
பொய். எனக்காக வரைந்தேன்,
வேலை போன மார்ச்சில்,
டிராமில் ஏறிக் கடைசி நிறுத்தம்வரை போய்
இறங்காமலே
திரும்பி வந்துகொண்டிருந்த நாட்களில்,
பயணச்சீட்டின் பின்பக்கத்தில்.
அதைத் துண்டுத்தாளில் எப்படிப் போடுவது?
நாற்பத்தைந்து ஸ்வாட்டி
என்று மட்டும் போட்டேன்.

சனிக்கிழமை, பழைய பணிமனை.
டிராம் பைத்தியங்கள் கூடுகிற இடம்.
சக்கரத்தின் சத்தத்தை வைத்தே
வண்டி எண் சொல்லுகிற ஆட்கள்.
லுத்விகா ஒன்றைப் போட்டுக்கொண்டு
காரணமில்லாமல் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள்.
நான் தேநீர்க் குவளைக்குப் பின்னால் ஒளிந்தேன்.

ஜெமோவித் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
சட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான்.
“இந்த முகப்பு பழைய வண்டியினுடையது.
இந்தக் கை புதிய வண்டியினுடையது.
பழையதற்கு முழங்கை இரண்டு.
நீ ஒன்றுதான் போட்டிருக்கிறாய்.”
சுற்றி நின்றவர்கள்
துக்கம் விசாரிப்பதுபோல் தலையாட்டினார்கள்.
“படகு தண்டவாளத்தில் ஓடுகிறதே,
அது பரவாயில்லையா?”
“அது கற்பனை” என்றான்.
“இது பிழை.”

அன்று விற்றது நான்கு.
நான்காவதை அவனே வாங்கினான்,
மிகப் பெரிய அளவில்,
சில்லறை சரியாக எண்ணி.
பேருந்தில் வீடு வந்தேன்.
டிராமின் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை
அதை உடுத்திக்கொண்டு வந்தான்.
நெஞ்சில் இரண்டாவது முழங்கை.
வெள்ளைப் பேனாவால், அளவுகோல் வைத்து,
திருகாணி உள்பட.
என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.
எனக்குக் காது சுட்டது.
கிட்டே போய்ப் பார்த்தேன்.
சனியன், நன்றாக இருந்தது.

“எனக்கும் திருத்தித் தருவீர்களா?”
யாக்னா என்றொரு பெண், மருத்துவமனைத் தாதி,
இரவு வேலை முடித்த கண்களோடு.
அவன் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தான்.
நான் மடித்துக் கொடுக்க, அவன் வரைந்தான்.
அப்புறம் ஆரம்பித்தது சண்டை:
திருத்தியது வேண்டும் என்று ஒரு கட்சி,
பிழையோடுதான் வேண்டும் என்று இன்னொன்று.
அச்சுப்பிழை உள்ள தபால்தலைக்குத்தான்
விலை அதிகம் என்றார் ஒருவர்,
என்னிடம் விலையைக் குறைக்கச் சொல்லிக்கொண்டே.

நேற்று டிராமில்
கதவோரம் நின்ற ஒரு பையனை
எனக்குத் தெரியாது.
அவன் மார்பில் என் படகு.
முழங்கை ஒன்றா இரண்டா
தெரியவில்லை, தோள்பையின் வார் மறைத்தது.
கேட்க வாயெடுத்தேன்.
அதற்குள் என் நிறுத்தம். இறங்கிவிட்டேன்.

மீதம் ஏழு இருக்கின்றன.
எல்லாம் சின்ன அளவு.
ஒல்லியான யாராவது தெரிந்தால்
சொல்லுங்கள்.
பேனா ஜெமோவித்திடம் இருக்கிறது.