சீல் உடையாதது

ஞாயிறு காலை ஆறு மணி.
கிரிம்ஸ்பி மைதானத்தில் கார் டிக்கிகள் வாய் பிளந்து கிடந்தன.
க்ராப்ட்ரீ நாற்பது பவுண்டு கேட்டார்.
முப்பத்திரண்டுக்கு முடித்தேன்.

அறுபதுகளின் தொடரில் வந்த விண்கப்பல்.
அட்டையில் அலுமினியத் தாள் ஒட்டியது,
தொங்கவிட்ட நூல்கூடத் தெரியும்.
அதையே எழுநூற்றுப் பதினெட்டுக் கட்டைகளாக்கி
விற்றார்கள், பிறகு நிறுத்தினார்கள்.
நிறுத்தினால்தான் விலை.

சீல் உடையவில்லை. மூலையில் ஒரு நசுங்கல்:
பதினைந்து பவுண்டு போச்சு.
வெயில் படாத அறையில்
பூனை ஏறாத தட்டில் வைத்தேன்.

மூன்றாம் வாரம் அவரே போன் செய்தார்.
திரும்ப வேண்டுமாம்.
இருநூற்றுப் பத்து என்றேன்.
பேரம் பேசவில்லை.
"கேப்டன் நாற்காலி சுழலுமா,
கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்களேன்."

உங்களிடம்தானே பதினோரு வருஷம் இருந்தது?

"திறந்தால் விலை போய்விடும் என்று மேவிஸ்தான்..."
அந்தப் பக்கம் கெட்டில் கூவியது.
யாரும் அதை இறக்கவில்லை.

பெட்டியைக் காதோரம் வைத்துக் குலுக்கினேன்.
கலகலவென்றது.
நாற்காலி எது, எஞ்சின் எது,
யாருக்குத் தெரியும்.

சுழலும் என்றேன்.

விலையில் மட்டும்
ஒரு பென்னிகூடக் குறைக்கவில்லை.