நான்கு என்றொரு பதில்

ஒரு குறுஞ்செய்திக்கு நூற்று அறுபது எழுத்து.
அதற்குள் ஒரு புயலை மடித்து வைக்க வேண்டும்.
'இன்றிரவு பத்துக்கு விடுதிகள் மூடப்படும். கட்டாயம் வெளியேறவும்.
பேருந்து, உடற்பயிற்சிக் கூட வாசலில். ஒரே ஒரு பை.
கிளம்பிவிட்டால் 1. பேருந்து வேண்டுமென்றால் 2.
போக்கிடம் இல்லையென்றால் 3.'
எண்ணினேன். ஏழெழுத்து அதிகம்.
'தயவுசெய்து' போயிற்று.

லூசியானாவின் சதுப்பு விளிம்பில், கல்லூரி நூலகத்தின்
மூன்றாம் மாடியில் நாங்கள் மூவர்
(கீழ்த்தளம் இருமுறை முழுகிப் பழகியது):
காற்றைப் பார்க்க டுவேன்,
கதவுகளைப் பூட்ட பூட்ரோ,
சொற்களுக்கு நான்.

தலைவர் போனில் கேட்டார்:
"கட்டாயம் என்ற சொல் கட்டாயம் வேண்டுமா, நொயெல்லா?"
போன முறை 'பரிந்துரைக்கிறோம்' என்று எழுதினோம்.
நாற்பது பேர் பீட்சா தின்றபடி உட்கார்ந்திருந்தார்கள்,
தண்ணீர் படியேறி வரும்வரை.
அதைச் சொன்னேன்.
"சரி, இருக்கட்டும்" என்றார்.

மதியம் இரண்டு பதினேழுக்கு அனுப்பினேன்.
இரண்டாயிரத்து முந்நூறு பைகளில், உள்ளங்கைகளில்,
சலவை இயந்திரங்களின் தலையில் அது துள்ளியிருக்கும்.
ஜன்னல் வழியே பார்த்தேன்:
புல்வெளியில் நடந்துகொண்டிருந்த அத்தனை பேரும்
ஒரே சமயத்தில் தலை குனிந்தார்கள்.
ஒருத்தி மட்டும் முதலில் வானத்தைப் பார்த்தாள்.
வானம் அப்போது
துவைத்த சட்டைபோல் நீலமாக இருந்தது.
அதுதான் சிக்கல். நீலத்தை நம்புகிற வயது அவர்களுக்கு.

அப்புறம் பதில்கள்.
1 1 1 2 1 2 2 1
3
3 வரும்போதெல்லாம் டுவேன் நிமிர்ந்து பார்ப்பான்.
வளர்ப்பு வீடு பதினெட்டு வயதோடு கணக்கு முடித்து அனுப்பிய பெண்.
காத்மாண்டுவுக்குப் பேருந்து உண்டா என்று கேட்ட பிரமிளா தாமாங்.
ஆய்வகத்து எலிகளை விட்டு வரமாட்டேன் என்றொருவன்.
அவனை எதில் சேர்ப்பது?
எலிகளுக்கு எண் ஒதுக்கவில்லை.

பிறகு ஒரு
4.

நான்கு என்று ஒன்றை நான் எழுதவே இல்லை.
விரல் தவறியதா? இன்சுலினா? சக்கர நாற்காலியா?
வரமாட்டேன், போ, என்பதா?
அறை 318. ஆர்செனோ, டெல்பின்.
அழைத்தேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது.
பூட்ரோ சாவிக்கொத்தோடு ஓடினான்.
கலைந்த கட்டில், பாதி உரித்த ஆரஞ்சு,
ஆள் இல்லை.
நாலரை மணி நேரம் அந்த 4
மீன்முள்ளாய்த் தொண்டையில் நின்றது.

ஏழு மணிக்கு அவளே அழைத்தாள்.
பின்னால் என்ஜின் சத்தம், யாரோ சிரிக்கிறார்கள்.
"என் வண்டியில் நாலு சீட் காலி என்றுதான் சொன்னேன்.
ஒருத்தரும் பதில் போடவில்லை நீங்கள்.
பஸ் வரிசையில் நின்றவர்களை நானே ஏற்றிக்கொண்டேன்.
எலிக்காரனையும்தான்.
கூண்டு பிரமிளா மடியில்.
தூங்குகின்றன."

அன்றிரவு நெடுஞ்சாலையின் எல்லாத் தடங்களையும்
வடக்கே திருப்பிவிட்டிருந்தார்கள்.
தெற்கே வர வழி கிடையாது.
டுவேனின் திரையில் அது
ஒரே பக்கம் ஊர்ந்த சிவப்பு விளக்கு,
அதில் எது டெல்பின் என்று தேடிக்கொண்டிருந்தேன்
தெரியாது என்று தெரிந்தே.

விடியற்காலை நாலுக்கு மழை பக்கவாட்டில் பெய்தது.
பட்டியலில் ஒரே ஒரு பெயர் மிச்சம்:
பதில் இல்லை. பதில் இல்லை. பதில் இல்லை.
கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தேன்.
கிட்ரி, நொயெல்லா. ஊழியர்.

கைப்பைக்குள் கிடந்த போனில்
நான் எழுதியது எனக்கும் வந்திருந்தது,
தயவுசெய்து இல்லாமல்.

1 பொய்.
2 போய் ஆறு மணி நேரமாயிற்று.
3-ஐக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"காபி இருக்கிறது," என்றான் டுவேன்,
"ஆறிப்போனதுதான்."