இரண்டு இழுப்பு

மாசி மாதம். செக்காலையில் எங்கள் மில்.
காலையிலிருந்து நாற்பது கிலோ வத்தல் அரைத்தாயிற்று.
நாற்பத்தொன்றாவது கிலோவில்
நெஞ்சு சாத்திக்கொண்டது.

பெல்ட்டை நிறுத்தினேன்.
வரிசையில் முதல் ஆள் மெஸ் வைத்திருக்கும் சாத்தையா.
"என்னக்கா, கரண்டு போச்சா?"
கையை ஆட்டினேன்.
கரண்டு இருக்கிறது. போனது காற்று.

நீலக் குப்பியை உலுக்கி
ஒரு இழுப்பு. பத்து எண்ணி
இன்னொன்று.
இனி எனக்கு வேலையில்லை. உள்ளே இருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

இதை இந்த ஊரில் சொன்னால்
உடனே வீட்டைக் காட்டுவார்கள்:
முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு,
பின் தெரு வரை ஒரே கோட்டில் வாசல்கள்.
இல்லை.
அந்த வீடுகளில் வந்தவர் உள்ளே போகலாம்.
இங்கே மருந்து உள்ளே போவதே கிடையாது.

செல்லின் தோலில் ஏழு முறை
குத்தி வாங்கிய நூல் போல ஒரு புரதம்.
அதன் வெளித்தலையில் வந்து உட்காருகிறது, அவ்வளவுதான்.
உட்கார்ந்ததில் உள்பக்கம் கொஞ்சம் ஒருக்களிக்கிறது.
அங்கே சாய்ந்து கிடந்த ஜி புரதம்
இரண்டு பாஸ்பேட் பழசைக் கீழே போட்டுவிட்டு
மூன்று பாஸ்பேட் புதுசைப் பிடித்துக்கொள்கிறது.
ஆல்பா ஒரு பக்கம் விலகும்.
பீட்டாவும் காமாவும் பிரியாத ஜோடி, இன்னொரு பக்கம்.
ஆல்பா சவ்வோரமாகவே நகர்ந்து ஒரு நொதியைத் தொட
வளைய ஏஎம்பி கொட்டுகிறது,
ஒன்றா, நூறா,
ஹாப்பர் பலகையை உருவினால் கொட்டுமே, அப்படி.

குழல் தசைகள் பிடியை விடுகின்றன.
விசில் தேய்ந்து
மூச்சாகிறது.

பி.எஸ்சி. மூன்றாம் வருடம் இது பத்து மார்க் கேள்வி.
படம் போட்டு, பெயர் குறித்து, அம்புக்குறி இட்டு
எட்டு வாங்கினேன்.
ஆல்பா எப்படி அணைகிறது என்பதை எழுதவில்லை.

இப்போது எழுதுகிறேன், ஐயா.
பிடித்திருக்கும் மூன்றில் ஒன்றை
அதுவே அறுத்துப் போடுகிறது.
அவசரப்படுத்த ஆள் உண்டு,
ஆனாலும் கத்தி அதன் கையில்தான்.
காலரா நஞ்சு மழுக்குவது அந்தக் கத்தியை.
பிறகு குடல் முழுக்க
மூடத் தெரியாத குழாய்.

போன ஐப்பசியில் ஒரு ராத்திரி, ஒன்பது இழுப்பு.
ஒன்பதுக்கும் பதிலில்லை.
தட்டித் தட்டி ஓய்ந்த வாசலை
செல் தன் உள்ளுக்கே இழுத்துக்கொள்ளுமாம்.
ஆஸ்பத்திரி டாக்டரம்மா குப்பியைப் பிடுங்கி வைத்துக்கொண்டு
மாஸ்க்கை மாட்டிவிட்டார்.
இனி இவ்வளவுதான் என்று அன்று எண்ணப் பழகினேன்.

"முடிஞ்சுதாக்கா?" சாத்தையா.
முடிந்தது. ஆனால் விரல்கள் ஆடுகின்றன.
இந்த மருந்து அட்ரினலினின் வேஷம்;
பயமே இல்லாமல் பயத்தின் நடுக்கத்தை மட்டும்
கைக்குக் கொடுத்துவிட்டுப் போகும்.

தராசில் அவர் மூட்டை.
ஐந்து. நான்கு தொண்ணூற்றெட்டு.
ஐந்து பூஜ்யம் மூன்று.
எண் நிற்கவே இல்லை.
மூட்டையைப் பிடித்திருந்த கையை எடுத்தேன்.

நின்றது.