பின்வாசல் சாவி

பலகையில் என் நம்பர்தான் இருக்கிறது.
கடைசி எண் எட்டு.
ஐந்து கோடை அதன் இடப்பக்கத்தைத் தின்றுவிட
இப்போது மூன்று.
அழைப்பெல்லாம் மீஞ்சூரில் தையற்கடை வைத்திருக்கும்
ஒருத்திக்குப் போகிறது.
முதலில் திட்டினாள்.
இப்போது வாடகையை அவளே சொல்லிவிடுகிறாள்.
கேட்டவர்கள் யாரும் திரும்பக் கூப்பிடுவதில்லை,
அதில் என்னைவிட அவளுக்கு வருத்தம்.

குபேரா பிளாசா,
தண்டையார்பேட்டை, மெட்ரோ வாசலுக்கு எதிரில்.
மெட்ரோ வந்தால் எல்லாம் வரும் என்றேன்.
சதுர அடி நூற்றிருபது என்றதும் நான்தான்.
மெட்ரோ வந்தது.
ஜனங்கள் படியிறங்கி அதில் ஏறி
அண்ணா சாலைக்குக் கடைக்குப் போனார்கள்.

பிறகு விலை விழுந்தது.
சத்தமே இல்லை.
கையெழுத்துக்குக் குனிந்தவர்கள்
பேனாவை மூடிக்கொண்டு எழுந்தார்கள், அவ்வளவுதான்.
வங்கி முன் ஷட்டருக்கு அரக்கு வைத்து
நோட்டீஸ் ஒட்டி, போட்டோ எடுத்துப் போனது.
பின்னால் ஒரு கதவு இருப்பது
வரைபடத்தில் இல்லை.
அதன் சாவி என் சட்டைப் பையில்.

நகைக்கடைக்காரர் கேட்டு வாங்கிய அறை ஒன்று உண்டு,
ஒன்றரை அடிச் சுவர், இரும்புக் கதவு.
ஒரு குன்றிமணித் தங்கமும் அதைப் பார்க்கவில்லை.
தேசராணி பார்த்தாள்.
சுவரில் கன்னத்தை வைத்துப் பார்த்தாள்.
"இதுல ஐசு நிக்கும்யா."
நின்றது.
காசிமேட்டில் ராத்திரி இரண்டு மணிக்கு வாங்கும் பார்
மத்தியானம்வரை பாதிகூடக் கரைவதில்லை.
இப்போது பதினோரு பெண்களின் பெட்டிகள்:
சங்கரா, கானாங்கெளுத்தி, காரப்பொடி.
ஒருநாள் முழுசாக ஒரு வஞ்சிரம்,
அன்றைக்குத்தான் அது பெட்டக அறை ஆனது.

கீழே நாற்பது கார் நிற்கும் என்று
விளம்பரம் கொடுத்திருந்தோம்.
அங்கே ரெஹானா
பெண்களுக்கு ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுத்தருகிறாள்.
தூணில் இடித்தவர்கள்
சாக்பீஸால் அதில் முதலெழுத்தைப் போடவேண்டும்,
அது அவளுடைய சட்டம்.
பதினாலாம் தூணில் என் மனைவியின் எழுத்து.
அவள் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

லிஃப்ட் வரவேண்டிய குழியில் மழைத்தண்ணீர்.
கொசுவுக்கென்று மாநகராட்சிக்காரர் விட்ட மீன்கள்
பேரன் பேத்தி எடுத்துவிட்டன.

எனக்கு என்ன கிடைக்கிறது என்கிறீர்களா?
மாதம் ஒரு பொட்டலம் நெத்திலி.
இரண்டு மாத வாடகை கமிஷன் என்று பேசிப் பழகிய வாய்
சாப்பிடும்போது பேசுவதில்லை.

மூன்று முறை ஏலம் விட்டார்கள்.
மூன்று முறையும் இரவோடிரவாகப் பெட்டிகளைத் தூக்கி
பினாயில் ஊற்றிக் கழுவினோம்.
"என்ன வாசனை?" என்று கேட்டார்கள் வந்தவர்கள்.
கடல் பக்கம் சார், என்றேன்.
பொய்யில்லை.

போன செவ்வாய் விடிகாலை
பின்வாசலில் ஒரு மீன்பாடி வண்டி.
தார்ப்பாய்க்கு அடியில் ஜெராக்ஸ் மெஷின்.
வண்டிக்குப் பின்னால் குணசீலன்,
இந்தக் கட்டடத்தைக் கட்டியவர்,
படிக்கல்லுக்காக ஜெய்ப்பூர்வரை போய்வந்தவர்.
என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.
"ஒரு மூலை இருந்தா போதும். நாலுக்கு நாலு."
கரண்ட் இல்லையே சார்.
"தெரியும். வைக்க மட்டும்தான்.
வீட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க."

அட்வான்ஸ் பத்து மாசம் என்று
வாய்வரை வந்த பழக்கத்தை விழுங்கினேன்.

உள்ளே கும்மிருட்டு.
அவர் தடவவே இல்லை.
கை நேராகப் போய்
சரியான இடத்தில் ஸ்விட்சைப் போட்டது.
ஒன்றும் எரியவில்லை.
இன்னொரு தடவை போட்டார்.

"யாருய்யா அது?" உள்ளிருந்து தேசராணி.
புது ஆள், என்றேன்.
டார்ச்சோடு வந்து மெஷினைப் பார்த்தாள்,
அவரைப் பார்த்தாள்,
ஒரு பெட்டியைக் காலால் நகர்த்தினாள்.
"தரையில வெக்காத. ஐசுத்தண்ணி ஓடும்"
என்று தன் பலகையை எடுத்துப் போட்டாள்.

கீழே யாரோ தூணில் இடித்தார்கள்.
சாக்பீஸ் எங்கே சாக்பீஸ் எங்கே என்று
ஒரே சிரிப்பு.